பரிவட்டம் யாருக்கு? ஒரு சமஸ்தானக் குடும்பத்துச் சகோதரிகளின் வழக்கு

தென் மாவட்டம் ஒன்றில் ஊரார் இன்றும் சமஸ்தானம் என்றே சொல்லும் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தின் இரண்டு சகோதரிகளுக்கு இடையே நடந்த பாகப்பிரிவினை வழக்கு சமரசத்துக்கு அனுப்பப்பட்டபோது நான் சமரசராக இருந்தேன். இருவரின் ஒப்புதல் கிடைத்த பிறகே இதை எழுதுகிறேன். பெயர், ஊர், கோயில் எதுவும் இதில் வராது. ஆளைக் காட்டிக்கொடுக்கும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டம் எப்படிப் பொருந்தியது என்பதைத் தொடும் எதையும் மாற்றவில்லை. இருவரையும் மூத்தவர், இளையவர் என்று குறிப்பிடுகிறேன். அரண்மனையில் வேலை செய்தவர்கள் பெரிய நாச்சியார், சின்ன நாச்சியார் என்று கூப்பிடுகிறார்கள்.

இதைச் சொத்துத் தகராறு என்று மட்டும் படித்தால் பாதி விஷயம் விட்டுப்போகும். ராஜ குடும்பங்களில் எல்லாம் ஒருவருக்கே என்ற விதி சட்டப் புத்தகத்திலிருந்து போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆனால் அந்த விதியை மனதில் வைத்துத்தான் இந்தப் பெண்கள் வளர்க்கப்பட்டார்கள். இருவருக்கும் சண்டை அந்த விதியோடுதான். இருவருமே அதை அக்காவோடும் தங்கையோடும் உள்ள சண்டையாக நினைத்திருந்தார்கள்.

பின்னணி

தமிழ்ப் பகுதியில் பிரிட்டிஷ் ஆட்சி முடியும்வரை தனிச் சமஸ்தானமாக இருந்தது புதுக்கோட்டை ஒன்றுதான். அது 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தது. மற்ற பழைய அரசுகளிலும் பாளையங்களிலும் பல கம்பெனி காலத்திலேயே ஜமீன்களாகிவிட்டன. ராஜா என்ற பட்டமும் தர்பாரும் கோயில் மரியாதையும் மட்டும் தொடர்ந்தன. இந்தக் குடும்பமும் அப்படிப்பட்டதே.

இத்தகைய ஜமீன்களில் சொத்து பங்குபடாது. ஒருவருக்கே போகும், வழக்கமாக மூத்த ஆணுக்கு. இப்படிப் பிரிக்க முடியாத ஜமீன்களுக்கென்றே சென்னை மாகாணத்தில் 1904-இல் ஒரு சட்டம் வந்தது. 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் ஜமீனையே எடுத்துக்கொண்டது. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், இந்திய அரசோடு உடன்படிக்கை செய்துகொண்ட மன்னர்களின் சொத்து போன்ற சில விலக்குகள் தவிர, ஒருவருக்கே என்ற வழக்கத்தை முடித்துவைத்தது. பிறகு 1961-இன் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்றிருந்த வரம்பு 1970-இல் 15 ஆகக் குறைந்தது. எங்களிடம் வழக்கு வந்தபோது மிஞ்சியிருந்தவை பழைய அரண்மனை, அதன் பின்னால் ஒரு தோப்பு, கொஞ்சம் நஞ்சை, கடைத்தெருவில் சில மனைகள், ஒரு பெரிய கோயிலின் பரம்பரை அறங்காவலர் பொறுப்பு ஆகியவை. ஓடு மாற்றவே வழியில்லாத அரண்மனை அது. ஊர் நினைத்துக்கொண்டிருந்த செல்வம் அங்கே இல்லை.

ராஜாவுக்கு ஆண் பிள்ளை இல்லை, இரண்டு பெண்கள். மூத்தவர் பிறந்து பல ஆண்டுகள் கழித்தே இளையவர் பிறந்தார். அந்த இடைவெளியில் மூத்தவரைத்தான் தகப்பனார் கூடவே வைத்திருந்தார். விஜயதசமி தர்பாரில் அவர் பக்கத்தில் சின்ன ஆசனம் போட்டு இந்தப் பெண் உட்காருவார். குத்தகைக் கணக்கு படிக்கும்போதும் கூட இருப்பார். வயதுக்கு வந்ததும் தர்பாரில் உட்காருவது நின்றுபோனது. 1983-இல் வேறொரு ஜமீன் குடும்பத்தில், வெகுதூரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். நகையும் வெள்ளிப் பாத்திரமும் சீராகப் போயின.

இளையவரின் திருமணம் 1991-இல். அந்த முறை தகப்பனார் நிபந்தனை போட்டார்: வீட்டோடு மாப்பிள்ளையாக வர வேண்டும். வந்தார். இளையவர் பிறந்த வீட்டை விட்டுப் போகவே இல்லை.

இந்த இரண்டு திருமணங்களுக்கு நடுவில் 1989 மார்ச் 25 என்ற தேதி விழுகிறது. தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் அன்றிலிருந்து அமலுக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் உரிமை என்றது அந்தத் திருத்தம். நாட்டுக்கே பின்னால் வழிகாட்டிய சட்டங்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதில் ஒரு வரம்பு இருந்தது. அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகளுக்கு அது பொருந்தாது. அதாவது இளையவர் சட்டத்தின் கண்ணில் பங்காளி; மூத்தவர் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண். ஒரே வயிற்றில் பிறந்த இருவரைச் சட்டமே 16 ஆண்டுகள் இரண்டு வகையாக வைத்திருந்தது. மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9-இல் அமலான பிறகுதான் திருமணத் தேதி என்ற வேறுபாடு போனது.

1996-இல் தகப்பனாரும் இளையவரும் ஒரு கூர்ச்சீட்டு, அதாவது யாருக்கு எந்தப் பங்கு என்று குறிக்கும் பாகப்பிரிவினைச் சீட்டு, எழுதிக்கொண்டார்கள். அரண்மனை இளையவருக்கு, நஞ்சையும் மனைகளும் தகப்பனாருக்கு. பதிவு செய்யவில்லை. பட்டாவும் மாறவில்லை. மூத்தவருக்கு யாரும் சொல்லவில்லை. 2008-இல் தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தார். 2017-இல் தாயார் இறந்தார். தாயார் இருந்தவரை மூத்தவர் வருஷத்துக்கு ஒருமுறையாவது வந்து போனார். தாயாரின் கருமாதி முடிந்து பீரோவைத் திறந்தபோதுதான் கூர்ச்சீட்டின் நகல் அவர் கையில் கிடைத்தது. 2018-இல் வழக்குப் போட்டார்.

சமரசத்துக்கு வந்தபோது இருந்த நிலை

கணக்கு நேரடியானது. கூர்ச்சீட்டு நின்றால் மூத்தவருக்குத் தகப்பனாரின் பாதியில் பாதி, அதாவது மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு. நிற்காவிட்டால் சரிபாதி. 2005 திருத்தம், 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்த பிரிவினையைக் காப்பாற்றுகிறது. ஆனால் அது பதிவான பத்திரமாகவோ நீதிமன்றத் தீர்ப்பாகவோ இருக்க வேண்டும் என்கிறது. வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. வாய்மொழிப் பிரிவினையை, பொது ஆவணங்கள் தாங்கி நிற்கும் அபூர்வமான சந்தர்ப்பங்களில் மட்டுமே ஏற்கலாம் என்றது. இங்கே பட்டாகூட மாறாததால் இளையவரின் வழக்கறிஞரே சமரசம் நல்லது என்று சொல்லியிருந்தார்.

மூத்தவரின் வழக்குரையில் நான்கு கோரிக்கைகள் இருந்தன. முதல் மூன்றும் சொத்து. நான்காவதாக, கோயில் தேர்த்திருவிழாவில் பரிவட்டமும் முதல் மரியாதையும் மூத்த மகள் என்ற முறையில் தனக்கே உரியவை என்று அறிவிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அதை எதற்குச் சேர்த்தீர்கள் என்று அவருடைய வழக்கறிஞரைக் கேட்டேன். "அதை எடுத்தா வழக்கே வேண்டாம்னு சொல்றாங்க" என்றார்.

அந்தப் பதிலை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் படிக்கத் தொடங்கினேன்.

கவனித்தவை

தனித்தனியாகப் பேசியபோது மூத்தவர் நிலத்தைப் பற்றி ஏறக்குறைய பேசவே இல்லை. பேசியதெல்லாம் தகப்பனார் இறந்ததற்கு அடுத்த ஆண்டுத் தேரோட்டம் பற்றி. தகப்பனார் போன பிறகு அறநிலையத் துறை கோயிலுக்கு ஒரு தக்காரை, அறங்காவலர் இல்லாதபோது நிர்வாகம் பார்ப்பவரை, நியமித்திருந்தது. வடம் பிடிக்கும் முன் பரிவட்டம் கட்ட வேண்டிய நேரத்தில் பட்டர் இளையவரின் கணவருக்குக் கட்டினார். அரண்மனையில் இருக்கும் ஆண்பிள்ளை அவர்தான் என்பதே காரணம். மூத்தவர் பெண்களோடு பெண்ணாக மண்டபத்து ஓரத்தில் நின்றிருந்தார். "எங்கய்யா பக்கத்துல உக்காந்தவ நான். எனக்குக் கட்ட வேண்டாம். என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றார். அதற்குப் பிறகு அவர் திருவிழாவுக்கு வரவில்லை.

இளையவரின் பேச்சு வேறு திசையில் இருந்தது. கூரை ஒழுகியது, வீட்டு வரி, மண்டகப்படிச் செலவு, தகப்பனாரின் கடைசிக் கால வைத்தியம், தாயாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தது. கணக்கு நோட்டுகளைக் கொண்டுவந்து அடுக்கினார். "அக்கா விருந்தாளியா வந்து போனாங்க. நான் இந்த வீட்டுக்குக் காவல் இருந்தேன்" என்றார். அவர் படித்த படிப்புக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. போக விடவில்லை. அரண்மனைக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவே தன்னை நிறுத்திவைத்தார்கள் என்பது அவர் மனதில் உறுதியாக இருந்தது. மூத்தவருக்குச் சீர் கொடுத்தாகிவிட்டது, இனி என்ன பங்கு என்றும் கேட்டார். திருமணத்தில் பெண்ணுக்கு வந்த நகை சீதனம். அதைப் பங்கில் கழிக்க முடியாது என்று அவருடைய வழக்கறிஞர் முன்பே விளக்கியிருந்தார். இருந்தும் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. அது பணத்தைப் பற்றிய கேள்வியாக எனக்குப் படவில்லை. அக்காவை ஊரறிய அனுப்பிவைத்தார்கள்; தன்னை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை என்ற ஆதங்கம் அதில் இருந்தது.

பரிவட்டம் பற்றி இளையவரிடம் கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் யாரும் கட்டலையே. எங்க வீட்டுக்காரருக்குத்தானே கட்டினாங்க. நானும் அதே மண்டபத்துலதான் நின்னேன்" என்றார்.

இந்த வழக்கில் நான் கேட்டதிலேயே முக்கியமான வாக்கியம் இது. இருவருமே அந்த மரியாதையை ஒருநாளும் பெற்றதில்லை. ஒருவர் மூத்தவராகப் பிறந்தும் பெறவில்லை. மற்றவர் அரண்மனையில் இருந்தும் பெறவில்லை. ஆனால் மூத்தவரின் கணக்கில் தங்கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தங்கையின் கணக்கில், தனக்கு இல்லாத ஒன்றுக்காக அக்கா தன் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்.

இது இந்த இருவரின் குணத்தால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. ராஜ குடும்பங்களில் சகோதரிகளுக்கு நடுவே பிணக்கை உண்டாக்குவது பெரும்பாலும் முறைமை பற்றிய விதிதான். தஞ்சாவூரில் 1855-இல் சிவாஜி மன்னர் இறந்தபோது மகள்கள் இருந்தும் ஆண் வாரிசு இல்லை என்று சொல்லிக் கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது. மூத்த ராணி தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அது அரசுச் செயல், நீதிமன்றம் தலையிட முடியாது என்று 1859-இல் தீர்ப்பு வந்தது. தாய்வழி மரபு இருந்த திருவிதாங்கூரிலாவது நிலைமை வேறாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. அங்கே 1900-இல் இரண்டு சிறுமிகள் ராணிகளாகத் தத்தெடுக்கப்பட்டார்கள்: சேது லட்சுமி பாய், சேது பார்வதி பாய். பிறப்பால் அக்கா தங்கை வயிற்றுப் பிள்ளைகள், தத்தெடுப்பால் சகோதரிகள். அரச வாரிசைப் பெற்றெடுப்பது ராணிகளின் கடமை. 1912-இல் ஆண் குழந்தை பிறந்தது இளைய ராணிக்கு. 1924-இல் மன்னர் இறந்தபோது அந்தப் பையனுக்குப் பதினோரு வயது. ஆளும் பொறுப்பு மூத்த ராணிக்குப் போனது, 1931 வரை. மன்னரின் தாய் ஒருவர், நாட்டை ஆள்பவர் மற்றவர். இருவரைச் சுற்றியும் அணிகள் திரண்டன. எவ்வளவு பொறுமைசாலிகளாக இருந்தாலும் அந்த ஏற்பாட்டில் இரண்டு பெண்கள் நிம்மதியாக இருந்திருக்க முடியாது என்றே எண்ணுகிறேன்.

நம் குடும்பத்துக்கு வருவோம். கவனித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1996 கூர்ச்சீட்டைப் பற்றி இருவரும் ஒரே தவறான நம்பிக்கையில் இருந்தார்கள்: அப்பா தேர்ந்தெடுத்தார். மூத்தவர், தன்னை அவர் ஒதுக்கிவிட்டார் என்று நம்பினார். இளையவர், தன்னை அவர் விரும்பித் தேர்ந்தார் என்று நம்பினார். வாழ்க்கையில் தனக்குக் கிடைத்த ஒரே அங்கீகாரமாக அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். 1989 சட்டத்தின் அந்த வரம்பு பற்றி இருவருக்கும் தெளிவாகத் தெரியாது. அப்போது குடும்ப வழக்கறிஞர் தகப்பனாரிடம் "மூத்த பொண்ணுக்குச் சட்டத்துல இடமில்லை" என்று சொன்னது இளையவருக்கு அரைகுறையாக நினைவிருந்தது. அதன் பொருள் அவருக்குப் பிடிபடவில்லை.

எடுத்த முடிவுகள், அவற்றுக்கான காரணங்கள்

முதல் முடிவு, மரியாதையைச் சொத்திலிருந்து பிரிப்பது. இதற்குச் சட்டக் காரணமும் இருந்தது. கோயிலில் வழக்கப்படி ஒருவருக்கு மரியாதை உண்டா என்பதை விசாரிக்க வேண்டியவர் அறநிலையத் துறையின் இணை ஆணையர். 1959-இன் அறநிலையச் சட்டத்தின் 63ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஒருவர் பரம்பரை அறங்காவலரா என்ற கேள்வியும் அதே பிரிவில்தான் வருகிறது. உரிமையியல் நீதிமன்றம் அதைத் தொடுவதற்கு 108ஆம் பிரிவு தடை. ஆக நான்காவது கோரிக்கை அந்த வழக்கில் வெல்லவே முடியாது. அதை எடுத்துவிடச் சொல்லி ஏற்கெனவே பலர் மூத்தவரை வற்புறுத்தியிருந்தார்கள். நான் எடுக்கச் சொல்லவில்லை. அது போய்ச் சேர வேண்டிய இடம் எது என்று காட்டினேன். ஒருவரின் முழு வருத்தமும் ஒரு கோரிக்கையில் இருக்கும்போது, அது செல்லாது என்று சொன்னால் அவர் செல்லாதவர் என்று சொன்னதாகவே கேட்கும்.

அங்கே இன்னொரு சட்ட நிலையும் கைகொடுத்தது. கோயில் மரியாதை தனியாக நிற்கும்போது அது உரிமையியல் வழக்குக்கு உரிய உரிமை ஆகாது, ஒரு பதவியோடு இணைந்திருந்தால்தான் ஆகும் என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. இந்தக் கோயிலில் பரிவட்டம் ராஜாவுக்குக் கட்டப்பட்டது அவர் பரம்பரை அறங்காவலர் என்பதால். 2008-க்குப் பிறகு அந்தப் பதவி காலி; தக்கார்தான் இருக்கிறார். அப்படியென்றால் மருமகனுக்குக் கட்டியதற்குப் பதவி என்ற அடிப்படையே இல்லை. இருவரும் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது மரியாதை யாருக்கு என்று. கேட்க வேண்டியது பதவி யாருக்கு என்று. தகப்பனாருக்கு நேர் வாரிசுகள் இவர்கள் இருவர் மட்டுமே. சேர்ந்து விண்ணப்பிக்கலாம், பல கோயில்களில் நடப்பதுபோல முறை வைத்துப் பொறுப்பு பார்க்கலாம்.

இரண்டாவது முடிவு, 1989 சட்டத்தை இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் படித்துக் காட்டுவது. இதில் எனக்குத் தயக்கம் இருந்தது. சமரசர் யாருக்கும் சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது. அதனால் இரண்டு வழக்கறிஞர்களையும் வைத்துக்கொண்டு, அவர்கள் இருவரும் ஒப்புக்கொண்ட வாசகத்தை மட்டும் படித்தோம். இளையவரிடமிருந்து அவருடைய ஒரே அங்கீகாரத்தைப் பறிக்கிறோமோ என்ற கவலையும் இருந்தது. தனியாகக் கூப்பிட்டு, என்ன படிக்கப்போகிறோம் என்று முன்பே சொன்னோம். யோசித்துவிட்டு, "படிங்க" என்றார்.

மூன்றாவது, அரண்மனையை நடுவில் சுவர் வைத்துப் பிரிப்பதில்லை என்பது. சரியாகப் பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணத்தைப் பங்கிட 1893-இன் பிரிவினைச் சட்டம் வழி தருகிறது. இன்னொரு பங்குதாரர் மதிப்புக் கட்டி வாங்கிக்கொள்ளவும் இடமுண்டு. இளையவருக்கு இருந்த பெரிய பயம் இந்த ஏலம்தான். மூத்தவருக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. ஆனால் வழக்குரையில் வழக்கமாகச் சேர்க்கப்படும் வாசகமாக அதுவும் இருந்தது. அது அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. முதல் வேலையாக அதை நீக்கச் சம்மதம் வாங்கினோம்.

நான்காவது, பெட்டகத்தில் இருந்தவற்றுக்குப் பட்டியல் போடுவது. குடும்ப நகை, கோயில் திருவாபரணம், பழைய வாள்கள், ஓலைச்சுவடிகள் எல்லாம் ஒரே அறையில் கிடந்தன. எது யாருடையது என்ற சந்தேகமே பல வதந்திகளுக்குக் காரணம். கோயிலுக்கு உரியதைத் துறையிடம் ஒப்படைத்து ரசீது பெறுவது என்றும், மற்றவற்றைப் படத்தோடு பதிவேட்டில் ஏற்றுவது என்றும் ஒப்புக்கொண்டார்கள். இதில் சண்டை வரும் என்று எதிர்பார்த்தோம். வரவில்லை. மூத்தவருக்கு ஒவ்வொரு பொருளின் கதையும் தெரிந்திருந்தது. இளையவருக்கு அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

நடந்தது

சட்டத்தைப் படித்த அன்று மூத்தவர் வெகுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அய்யா என்னைத் தள்ளலையா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார்: "ஆனா உயில் எழுதியிருக்கலாமே?"

நியாயமான கேள்வி. கூட்டுக் குடும்பச் சொத்தில் தன் பங்கை உயிலாக எழுத 1956 சட்டத்தின் 30ஆம் பிரிவு தகப்பனாருக்கு இடம் கொடுத்திருந்தது. சட்டம் ஒரு கதவை அடைத்திருந்தாலும் இன்னொன்று திறந்தே இருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. 2005-க்குப் பிறகு மூன்று ஆண்டுகள் உயிரோடு இருந்தும் எதுவும் செய்யவில்லை. இதை மறைத்து மூத்தவருக்கு ஆறுதல் சொல்வது முறையல்ல என்று பேசாமல் இருந்தேன். இளையவர் சொன்னார்: "எழுதியிருக்கலாம் அக்கா. நானும் கேட்டிருக்கலாம். எனக்குக் கேக்கத் தோணல."

அதுவரை மூத்தவர் தங்கையை "எதிர்த் தரப்பு" என்றுதான் குறிப்பிட்டு வந்தார். அதன் பிறகு "இவ" என்றார். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த அமர்வில் தோப்பைப் பற்றி இருவரும் குரலை உயர்த்தினார்கள். ஒரு கட்டத்தில் மூத்தவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஆனால் அது தோப்பைப் பற்றிய சண்டை. தென்னை எத்தனை, குத்தகை எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தீர்க்க முடிந்தது.

சமரசம் இப்படி முடிந்தது. மொத்தத்தில் சரிபாதி என்பதை இளையவர் ஏற்றார். வீடு இளையவர் பங்கில் போக, நஞ்சையின் பெரும்பகுதியும் கடைத்தெரு மனைகளும் மூத்தவருக்கு. தர்பார் மண்டபமும் அதை ஒட்டிய ஒரு அறையும் பிரிக்காமல் இருவருக்கும் பொது. அந்த அறை மூத்தவர் வந்தால் தங்குவதற்கு. சாவி அவரிடமே இருக்கும். பெற்றோரைப் பார்த்த செலவுக்கு ஈடாகத் தாயாரின் வங்கிச் சேமிப்பு முழுவதும் இளையவருக்கு. இதை முன்மொழிந்தது மூத்தவரே. நீதிமன்றம் இதைச் சமரசத் தீர்ப்பாகப் பதிவு செய்தது. சமரசத்தில் முடிந்ததால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைத்தது.

கோயில் விவகாரம் அவ்வளவு எளிதாகப் போகவில்லை. இருவரும் கூட்டாக இணை ஆணையரிடம் விண்ணப்பித்ததும், தகப்பனாரின் பெரியப்பா வழிப் பேரன் ஒருவர் ஆட்சேபம் தெரிவித்தார். ஆண் வழிக்கே பொறுப்பு, பெண்களுக்கு வழக்கமில்லை என்பது அவர் வாதம். நாங்கள் யாரும் எதிர்பார்க்காத விளைவு இதனால் ஏற்பட்டது. பழைய ஆவணங்களைத் தேட வேண்டிய தேவையில் சகோதரிகள் இருவரும் அரண்மனைப் பதிவறையில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அவர்களின் பாட்டனாருக்கு முந்தைய தலைமுறையில், விதவையான ஒரு நாச்சியார் கோயில் கணக்குகளில் கையெழுத்திட்டுப் பொறுப்புப் பார்த்ததற்கான பேரேடு கிடைத்தது. குடும்பத்தில் யாருமே அவரைப் பற்றிப் பேசியதில்லை. விசாரணையில் அது முக்கியச் சான்றாக வைக்கப்பட்டது.

உத்தரவு சகோதரிகளுக்குச் சாதகமாக வந்தது: இருவரும் பரம்பரை அறங்காவலர்கள், ஆண்டுக்கு ஒருவராக முறை. உறவினர் ஆணையரிடம் மேல்முறையீடு செய்திருக்கிறார். அது நிலுவையில் இருக்கிறது. தடை உத்தரவு எதுவும் இல்லாததால் முதல் முறை மூத்தவருடையதாக நடந்தது. அந்தத் தேரோட்டத்தில் பரிவட்டம் அவருக்குக் கட்டப்பட்டது. இளையவரின் கணவர் தாமாகவே முன்கூட்டி பட்டரிடம் போய், இனி தமக்குக் கட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இத்தனை ஆண்டுகளாக அவரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அந்த மரியாதை தனக்கு ஒரு நாளும் நிம்மதியாக இருந்ததில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

சகோதரிகளின் உறவு இப்போது நன்றாக இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: பேசிக்கொள்கிறார்கள். கோயில் கணக்குக்காக மாதம் ஒருமுறையாவது பேச வேண்டியிருக்கிறது. கூர்ச்சீட்டை இருபது ஆண்டுக்கு மேல் தன்னிடம் சொல்லாமல் இருந்ததை மூத்தவர் மன்னிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. இளையவர் அதை ஏற்றுக்கொண்டு பேசுகிறார். அம்மாவைப் பார்க்க வராமல் இருந்த கடைசி மாதங்களைப் பற்றி இளையவருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அது இன்னும் கேட்கப்படவில்லை.

மாற்ற வேண்டியவை

இத்தகைய வழக்குகளில் கோயில் பதவியையும் மரியாதையையும் பற்றிய பேச்சைக் கடைசிக்குத் தள்ளுவது வழக்கம், அது உணர்ச்சி சார்ந்தது என்பதால். அதை முதலிலேயே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. இங்கே நான்காவது கோரிக்கையின் பாதை தெளிவான பிறகுதான் முதல் மூன்றும் நகர்ந்தன. பரம்பரை அறங்காவலர் இறந்தால் அடுத்த வாரிசுகள் உடனே துறைக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மகள்கள் மட்டும் இருக்கும் குடும்பங்களில் யாரோ ஒரு ஆண் முன்னே நிறுத்தப்பட்டு, பதவி ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். காலியாக இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் வழக்கம் என்ற பெயரில் ஒரு புதிய உரிமை முளைக்கிறது.

1989-க்கு முன் மணமான மகளும் பின் மணமான மகளும் உள்ள குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ராஜ குடும்பமாக இருக்க வேண்டியதில்லை. அந்த 16 ஆண்டுகளில் எழுதப்பட்ட கூர்ச்சீட்டுகள் பல வீட்டு பீரோக்களில் இருக்கும். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அவற்றை எடுத்து, எல்லாப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அப்பா ஏன் இப்படிச் செய்தார் என்பதற்கு அப்பாவே பதில் சொல்லக்கூடிய காலம் அதுதான்.

கடைசியாக, இந்தச் சமரசத்தில் ஒரு விஷயம் எழுதப்படவில்லை. முறை இந்த இருவரோடு நிற்கிறது. மூத்தவருக்கு ஒரு மகள். இளையவருக்கு ஒரு மகனும் ஒரு மகளும். அடுத்த தலைமுறையில் முறை மூன்றாகுமா, இரண்டு கிளையாகவே இருக்குமா, இளையவரின் கிளையில் மகனுக்கு முன்னுரிமையா என்று எதுவும் தீர்மானிக்கப்படவில்லை. சகோதரிகள் இருவரும் இதை இப்போதே எழுதிவைக்க விரும்புகிறார்கள். பிள்ளைகள் மூவரையும் நேரில் கூப்பிட்டு, அவர்கள் கருத்தைக் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே நிலை. இளையவரின் மகள் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் விடுமுறைக்கு வரும் வரை வரைவைத் தொட வேண்டாம் என்று மூத்தவர் சொல்லியிருக்கிறார்.